உப்பு லாரிகள் நிற்கும் இடம்

போன தளம் மூன்றே குளிர்காலம் தாங்கியது.
நான்காவதில் உரிந்தது,
வெந்த உருளைக்கிழங்கின் தோல்போல.
பழியை உப்பின்மேல் போட்டார்கள் சிலர்.
உப்பு விற்றுத்தான் இந்த ஊரே சாப்பிடுகிறது,
அதனால் அந்தப் பேச்சு சீக்கிரம் அடங்கியது.

இந்த முறை மேஸ்திரி நிக்கோலாசா வராச்சி.
வட்டத் தொப்பி, காதில் பென்சில்,
பாவாடைக்கு அடியில்
சிலிக்குப் போன கணவனின் கம்பளிக் காற்சட்டை.

மூவாயிரத்து எழுநூறு மீட்டர். ஜூன் மாதம்.
வெயில் சுடும், நிழல் உறையும்;
ஒரே ஆளின் இரண்டு காதுக்கும்
இரண்டு பருவம்.

முந்தின இரவே தரையைச் சூடேற்றினோம்:
தோலாச் செடியின் தணலைப் பரப்பி
மேலே தகரம் மூடி.
உறைந்த மண்ணை நம்பி ஊற்றினால்
அது இளகும் நாளில்
தளத்தையும் கூட்டிக்கொண்டு கீழே இறங்கும் என்றாள்.

விடிந்ததும் டிரம்மில் தண்ணீர்.
இந்த உயரத்தில் அதுவும் அவசரக்காரி,
முழுச்சூடு ஏறுமுன்பே கொதிப்பாள்.
முதலில் மணலுக்கு, பிறகு ஜல்லிக்கு.
சிமெண்ட் கடைசியில்:
கொதிநீரை நேரே பார்த்தால்
மிக்சரிலேயே கட்டியாகி உட்கார்ந்துவிடும்.

பிறகு அந்தப் பாட்டில்.
தேன் நிறம். மூட்டைக்கு இரண்டு மூடி.
சங்கத்துக் கணக்கர் ஹிலாரியோன்
கண்ணாடியை நெற்றியில் ஏற்றி
ரசீதை வெயிலில் பிடித்தார்.
இது எதற்கு?
காற்றுக்கு, என்றாள்.
கல்லுக்குள் கண்ணில் படாத காலி அறைகள்.
தண்ணீர் பனியாகும்போது பருக்கும்.
ஒதுங்க இடமிருந்தால் ஒதுங்கும்,
இல்லையென்றால் சுவரை உடைக்கும்.
காசு கொடுத்து ஓட்டை வாங்குகிறோமா?
ஆமாம். நல்ல ஓட்டைக்கு விலை அதிகம்.

பத்துக்குத் தொடங்கி இரண்டுக்கு முடித்தோம்.
நீர் மேலே ஊறி மினுமினுத்தது.
தொடாதே என்றாள்.
என் கரணை கையில் அரித்தது;
கண்ணாடிபோல் இழைப்பதில் எனக்குப் பெயர் உண்டு.
நீர் வற்றியதும் அவள் நீட்டியதோ துடைப்பம்.
கோடுகோடாக இழுத்தேன்,
சீவிய தலையானது தளம்.

மேலே பிளாஸ்டிக். அதன்மேல் இச்சுப் புல்.
அதன்மேல் வீட்டுக்கு ஒரு போர்வை,
காற்று தூக்காமல் பழைய டயர்கள்.
அன்றிரவு ஊர் பாதிப் போர்வையில் தூங்கியது.
யார் எந்தப் பக்கம் இழுத்தார்கள் என்பதே
மறுநாள் முழுக்கப் பேச்சு.

மைனஸ் பதினாறு. நான் காவல்.
ஓரத்தைத் தூக்கிக் கையை நுழைத்தேன்.
சூடு.
யாரும் பற்றவைக்காத சூடு,
ஈன்ற ஆட்டின் மடிச்சூடு.
சங்கத்து நாய் எனக்கு முன்பே கண்டுபிடித்து
நடுவில் சுருண்டிருந்தது.
துரத்தவில்லை. அதுவும் ஒரு போர்வைதான்.

இரண்டாம் இரவு கண்ணயர்ந்தேன்.

விழித்தபோது தென்மேற்கு மூலையில்
நான்கு லாமாக்கள்.
போர்வையை ஒதுக்கிவிட்டுப் புல்லைத் தின்றன,
பத்திரிகை வைத்து அழைத்த விருந்தாளிகளின் நிதானத்தோடு.

மூலை வெளிறிக் கிடந்தது.
நிக்கோலாசா குனிந்து நகத்தால் கீறினாள்.
நகத்தடியில் வந்த மாவை ஊதினாள்.
நோட்டில் எழுதினாள்:
தென்மேற்கு. ஒன்றரை மீட்டர். உறைந்தது. லாமா.
எழுதி முடித்துப் பென்சிலைக் காதில் செருகினாள்.
அவ்வளவுதான்.

இது ஆறாவது குளிர்காலம்.
இருபது டன் உப்போடு லாரிகள் ஏறி இறங்குகின்றன.
சிந்தியதை மாலையில் பெருக்குகிறோம்.
தளம் அப்படியே இருக்கிறது,
அந்த மூலையில் மட்டும் ஜல்லி பல்லைக் காட்டுகிறது.
லாமா சாப்பிட்ட இடம் என்று
ஓட்டுநர்கள் சுற்றிப் போகிறார்கள்.

நான் தூங்கிய இடம் என்று
ஒருவரும் சொல்வதில்லை.
அந்தளவு இடம்
எனக்கும் விட்டுவைத்திருக்கிறார்கள்.