நாற்பத்திரண்டு சதுர மீட்டர்

வெள்ளிக்கிழமைக்குள் பதில் வேண்டுமாம்.
ஊர்ப்பெயர் கெம்னிட்ஸ்.
சொல்லிப் பார்த்தால்
வாய்க்குள் ஒரு நட்டு கழன்று விழுகிறது.

ரோலர் மெக்கானிக் மகேந்திரராஜாவுக்கு
அங்கே நீளமான பதவிப்பெயர்.
மூன்று வருட ஒப்பந்தம்.
இடையில் விட்டால்
மொழி வகுப்புச் செலவைத் திருப்பிக் கட்ட வேண்டும்.
அந்த ஒரு வரியை நாலு தரம் வாசித்தேன்.
கடன் தீர்ந்தால்தான் துண்டு என்று
நிறுத்தி வைக்கப்பட்டவர்களின் வம்சம்.
எந்தக் காகிதத்திலும்
அடிக்குறிப்பைத்தான் கண் முதலில் தேடும்.

குளிர் தாங்குவீர்களா என்று
திரையில் அந்த அம்மா கேட்டார்,
நானுஓயாவுக்கு மேலே
ஜனவரிக் குழாயில் முகம் கழுவுகிறவனிடம்.
ஜேர்மன் மொழியில் சிரிப்பை அடக்க
ஹட்டன் வகுப்பில் சொல்லித் தரவில்லை.

அந்த வகுப்பு, பேக்கரிக்கு மேல்மாடியில்.
‘ஏனென்றால்’ வந்தால்
வினை கடைசிக்குப் போய்விடும் என்று
டீச்சர் பலகையில் பெரிய அம்பு போட்டார்.
ஒருவரும் அதிரவில்லை.
எங்களுக்கென்ன,
கடைசிச் சொல் விழும்வரை
போகிறோமா இல்லையா என்று தெரியாமலே
பேசிப் பழகியவர்கள்.

வீடு நாற்பத்திரண்டு சதுர மீட்டர் என்றது கடிதம்.
வாட்டுமாடியில்
கழற்றிய தொட்டிகள் கிடந்த இடத்தில்
சுண்ணக்கட்டியால் கோடு போட்டேன்,
ஆறுக்கு ஏழு.
நிதுஷிகா குசினிக்குள் நின்றுகொண்டு
கதவு எங்கே என்றாள்.
மறந்துபோயிருந்தது.
உள்ளங்கையால் தேய்த்து ஒரு கதவு விட்டேன்.

ஞானமலர் உள்ளே வரவில்லை.
செருப்பைக் கழற்றிவிட்டு
கோட்டுக்கு வெளியே நின்று கேட்டாள்:
“அங்க எனக்கு என்ன வேல?”
பிள்ளைக் காம்பராவில் முப்பத்தொரு குழந்தைகளுக்கு
அவள் மலர் டீச்சர்.
என் விசாக் கோப்பில்
இணைப்பு ஐந்து.
“மாசம் எண்ணூறு யூரோ மிஞ்சும்” என்றேன்.
“நான் கேட்டது அதுவா?”

கோடையில் மூன்றரை மணி வித்தியாசம்,
குளிரில் நாலரை.
வருஷத்துக்கு ஒருமுறை
ஒரு மணி நேரத்தைக் கடன் வாங்கி
நாள் தவறாமல் திருப்பிக் கொடுக்கிற நாடு.
அது எனக்குப் பிடித்திருக்கிறது.
அப்பாவின் சேமலாப நிதிக்கு
நாங்கள் பதினொரு வருஷம் நடந்தோம்.

காலையில் கொழுந்து வந்து இறங்கியது,
வீட்டின் மேலேயே.
படுக்கையறையில் இரண்டு சாக்கு,
ஜன்னல் இருக்கவேண்டிய இடத்தில் ஒன்று.
குசினியை யாருடைய காலோ துடைத்துப் போயிருந்தது.
“என்ன மகேந்திரா, புதுத் தொட்டியா?” என்றார் டீமேக்கர்.
“சும்மா, அளவு பாத்தேன் ஐயா.”
பொய்யில்லை.
அன்றைக்கு முழுநாளும் வேலை செய்தேன்,
மனசுக்கு மட்டும் அரைப்பேர்தான் போடலாம்.

வியாழன் இரவு.
‘நான் கெம்னிட்சுக்கு’ வரை எழுதியாகிவிட்டது.
அப்போது பார்த்து
மூன்றாம் தொட்டி விசிறி உறுமத் தொடங்கியது.
பெயாரிங்.
ஓடிப்போய்க் கழற்றி, கிரீஸ் அடைத்து,
திரும்பி வர ஒன்றரை மணி.
கட்டைவிரலை வைத்தால்
போனுக்கு என்னைத் தெரியவில்லை.
மறுபடி வைத்தேன். தெரியவில்லை.

ஞானமலர் தூங்கவில்லை போல.
சவர்க்காரத்தை நீட்டியபடி,
“அந்தக் கதவ,” என்றாள்,
“வெயில் வார பக்கமா வச்சிருக்கலாம்.”

நான் விரலைக் கழுவிக்கொண்டிருந்தேன்,
நகக்கண் வரைக்கும்.