நிரல் எண் ஐந்து

முதல் நான்கும் பத்து நிமிடத்தில் முடிந்தன.
போன மாதக் குறிப்பு. உப்பு லாரிக்கு டயர்.
டானர் வீதியில் ஒரு வேலி.
கோழி வளர்க்க ஒரு விண்ணப்பம்: ஆறு வரை, சேவல் கூடாது.

ஐந்தாவதற்கு ஊரே வந்திருந்தது.
தீயணைப்பு வண்டிகளை வெளியே பனியில் நிறுத்திவிட்டு
அவை நின்ற இடத்தில் நாற்காலி போட்டோம்.
நான் செயலர். சொல்வதைத் தட்டச்சு செய்வேன்.
யார் பக்கம் நியாயம் என்பதற்கு
எனக்குச் சம்பளம் இல்லை.

சுவரில் மண்டல வரைபடம்.
வீடுகள் மஞ்சள், கடைகள் சிவப்பு,
வயல் பச்சை, தொழில் ஊதா.
ஷாண்ட்ஸின் நூற்றுப் பதினெட்டு ஏக்கர் இன்னும் பச்சை.
நிறுவனத்தின் வழக்கறிஞர் விரித்த படத்தில் மட்டும்
அது ஏற்கெனவே ஊதாவாகி இருந்தது,
மூலையில் பொடி எழுத்தில் "முன்மொழிவு" என்று.

பத்து லட்சம் சதுர அடி, என்றார்.
எதனோடு ஒப்பிடுவது என்று தெரியாமல் கூட்டம் விழித்தது.
"தேவாலயம், பள்ளி, கல்லறை
எல்லாவற்றையும் உள்ளே வைத்துப் பூட்டலாம்"
என்றது ஒரு பின்வரிசைக் குரல்.
சிரிப்பு, என்று தட்டினேன்.
அது நின்றதைத் தட்டவில்லை.

ஆளுக்கு மூன்று நிமிடம்.
வெர்னா கெம்மரர், தன் கிணறு பற்றி.
ஓரல் டிரம்போர், பேருந்து திரும்பும் முனை பற்றி:
"உங்கள் போக்குவரத்து ஆய்வை ஜூலையில் எடுத்திருக்கிறீர்கள்.
ஜூலையில் பள்ளி ஏது?"
நிபுணர் காகிதம் புரட்டினார்.
பன்னிரண்டு விநாடி புரட்டினார்.

யாரிட்ஸா கப்ரேரா, கழுத்தில் அடையாள அட்டையோடு,
இரவுப் பணிக்குப் போகிற வழியில்:
"நாற்பது மைல் ஓட்டிப் போய்
இதே மாதிரி ஒரு பெட்டிக்குள் பெட்டி அடுக்குகிறேன்.
இங்கே கட்டினால் என் பையன் தூங்குவதைப் பார்க்கலாம்.
எதிர்க்கிறீர்கள், சரி.
நேற்று உங்கள் வாசலில் கிடந்த பொட்டலம்
எந்த வயலில் விளைந்தது?"
அவளுக்கு இன்னும் ஐம்பது விநாடி மிச்சம்.
எடுத்துக்கொள்ளாமல் போய்விட்டாள்.

கடைசியில் எல்வுட் ஷாண்ட்ஸ் எழுந்தார். விற்பவர்.
வண்டியை ஓரம்கட்டி "என்ன அழகு உங்கள் வயல்" என்று
இருபது வருடம் சொன்னவர்கள்தான் முன்வரிசையில்.
"அழகுக்கு யாரும் வாடகை தரவில்லை" என்றார்.
"இடுப்பெலும்பு மாற்றியாயிற்று. மகள் டென்வரில்.
சோயா விற்கிற விலை உங்களுக்கே தெரியும்."
எங்களுக்குத் தெரியாது.

சட்ட ஆலோசகர் கண்ணாடியைக் கழற்றினார்.
"கிடங்கே கூடாது என்று சொல்ல
பென்சில்வேனியாவில் எந்த ஊருக்கும் வழியில்லை.
எங்கே என்று சொல்லியிருக்கலாம்.
அதற்கு முப்பது வருடம் இருந்தது."
அந்த முப்பதில் பத்தொன்பது
நான் இந்த மேசையில்தான் இருந்தேன்.

மூன்றுக்கு இரண்டு. நிறைவேறியது.
நிபந்தனை: சுவரின் உயரம் நாற்பத்தெட்டு அடிக்குள்.
மறைப்புக்கு இரட்டை வரிசை ஊசியிலை மரம்,
நடும்போது ஆறடி.
ஆண்டுக்கு ஒன்றரை அடி வளரும் என்று
தாளின் ஓரத்தில் வகுத்துப் பார்த்தேன்.
இருபத்தெட்டு வருடம்.
வெர்னாவுக்கு இப்போது எழுபத்தொன்று.
அழித்துவிட்டேன். ஓரங்கள் பதிவில் சேராது.

காலையில் அலுவலகப் படத்தைத் திருத்த உட்கார்ந்தேன்.
மஞ்சள் பென்சில் விரல் நீளம் தேய்ந்திருந்தது.
ஊதா, கடையில் வாங்கிய கூர் மழுங்காமல்.
ஓடைக்கு இருபுறமும் எழுபத்தைந்து அடி
பச்சையாகவே விட வேண்டும்,
அந்த அளவுகோலில் ஒரு நூல்.
மூச்சைப் பிடித்துக்கொண்டு விட்டேன்.
மற்ற இடத்தில் பச்சைமேல் ஊதா ஏறி
உழுத மண்ணின் நிறம் வந்தது.
படத்தின் விளக்கக் கட்டத்தில்
அப்படியொரு நிறமே இல்லை.

தொலைபேசி அடித்தது.
ஆறு கோழி என்றால் குஞ்சும் அதில் சேருமா
என்று கேட்டார் நேற்றைய விண்ணப்பக்காரர்.
விதியைப் பார்த்துச் சொல்கிறேன் என்றேன்.