நூற்றிருபது

ஒன்பதாம் நாளும் மழை விடவில்லை.
சிலோயே தீவில் அது ஒரு செய்தியே அல்ல.
ஆனாலும் கடைக்கார நெமேசியோ
உப்புத்தாள் கட்டை அடுப்போரம் வைத்திருந்தார்.
ஈரம் குடித்த தாள்
இரண்டு இழுப்பில் மணல் உதிர்த்துவிடுமாம்.
ஒவ்வொன்றாய் எடுத்துக் காதருகே உதறிப் பார்த்தேன்.
வெடுக்கென்று பேசியதை வாங்கினேன்,
முனகியதைத் திருப்பி வைத்தேன்.

எண்பது, நூற்றிருபது, நூற்றெண்பது, இருநூற்றிருபது.
எண் ஏற ஏற முரடு இறங்கும்.
நூற்றிருபதில் ஒரே ஒரு தாள்தான் இருந்தது.
"பாதி உனக்கு, பாதி எனக்கு" என்றான் எலியேசர்,
இரும்பு அளவுகோலை வைத்து
நேராகக் கிழித்தபடி.

மேசை எட்டுப் பேருக்கு.
மாஞ்ஞியோ பலகை, வெண்ணெய் நிறம்.
சனிக்கிழமைப் படகில் வருகிறவர்கள்
எங்கள் விடுதியில் முதல்முறை சாப்பிட உட்கார வேண்டும்.
அந்த முனையில் அவன், இந்த முனையில் நான்.
பழைய வலை மிதவையை அறுத்த தக்கை
ஆளுக்கொன்று, தாளைச் சுற்றிப் பிடிக்க.
விரலை மட்டும் நம்பினால்
மேசை குளமும் மேடுமாகிவிடும்.

மேசை முழுக்கப் பென்சிலால் கிறுக்கினோம்.
கிறுக்கல் போகும்வரை எண்பது.
மறுபடி கிறுக்கல்,
போகும்வரை நூற்றிருபது.
மரம் ஓடும் பக்கமே கை ஓட வேண்டும்,
குறுக்கே போனால் மரம் அதை மறப்பதில்லை.
அழுத்தவும் கூடாது.
வெட்டுவது தாள், தோள் அல்ல.

அவன் மெதுவாகத் தேய்த்தான்.
எனக்கு எரிச்சலாக வந்தது.
மோட்டார் வாங்கும் முன் படகு வாங்கியவன்,
உரிமம் வரும் முன் பெயர்ப்பலகை மாட்டியவன்.
"எல்லாவற்றிலும் படி தாண்டுகிறவனுக்கு
இன்று மட்டும் என்ன நிதானம்?" என்றேன்.
தூசிக்குள் சிரித்தான்.

என் பாதித் தாள் நடுவழியில் மொழுக்கையானது.
தேய்ந்த தாள் சத்தம் போடும், வேலை செய்யாது.
தட்டிப் பார்த்தேன், துடைத்துப் பார்த்தேன்.
பிறகு அடுப்பில் போட்டுவிட்டு
கிறுக்கல் மிச்சமிருந்த இடத்தை ரப்பரால் அழித்துவிட்டு
நூற்றெண்பதுக்குப் போனேன்.
யாருக்குத் தெரியப்போகிறது?

ஈரத்துணியால் ஒரு முறை துடைத்து
நிமிர்ந்த நாரைக் காயவைத்து
இருநூற்றிருபதில் இரண்டு இழுப்பு.
உள்ளங்கைக்கு இரு முனையும் ஒன்றுதான்.
தலைக்கு மேல் எரிந்த பல்பும்
ஒன்றும் சொல்லவில்லை.

சொன்னது எண்ணெய்.
அவன் பக்கம் தேன் மாதிரி பரவிய ஆளிவிதை எண்ணெய்
என் பக்கம் வந்ததும்
எண்பதாம் எண்ணின் கீறல்களை
ஒவ்வொன்றாய்ப் பெயர் சொல்லிக் கூப்பிட்டது.
ஒரு பூனை அங்கே குடும்பம் நடத்தியதுபோல் இருந்தது.

எலியேசர் மேசையைப் பார்த்தான்.
என்னைப் பார்க்கவில்லை. அதுதான் தாங்கவில்லை.
சட்டைப்பையிலிருந்து
மூன்றாக மடித்த நூற்றிருபதை எடுத்தான்.
இரண்டு முகம் தேய்ந்திருந்தது,
மூன்றாவது புத்தம் புதிது.
"இரண்டாக மடித்தால்
மணலை மணலே தின்றுவிடும்" என்றான்,
வானிலை சொல்வதுபோல.

டர்பன்டைன் ஊற்றி எண்ணெயைத் துடைத்தோம்.
விளக்கைக் கழற்றி மேசையோரம் படுக்கவைத்தோம்.
சாய்ந்த வெளிச்சத்தில் ஒவ்வொரு கீறலுக்கும்
ஒரு நிழல் இருந்தது.
ஒரு முகத் தாள், அரை மேசை.
விடியும்போது நான் நூற்றெண்பதில் இருந்தேன்,
இம்முறை கேட்டுக்கொண்டு.

ஒரு இடம் மட்டும் எட்டவில்லை, விரல் நீளம்.
அதன்மேல் உப்புக் கிண்ணம் வைத்திருக்கிறேன்.
விருந்தாளி கேட்டால்
கிண்ணத்தை நகர்த்துவதில்லை,
கரண்டியில் அள்ளிக் கொண்டுபோய்த் தருகிறேன்.
நல்ல உபசரிப்பு என்கிறார்கள்.

சூப்பில் உப்பு சரியாகத்தான் இருக்கிறது.
இருந்தும் எலியேசர்
தினமும் உப்புக் கேட்கிறான்.