கவிச்சி

எங்கள் கம்பெனிக்குச் சரக்கு கிடையாது, கிட்டங்கி கிடையாது.
ஷார்ஜா எல்லையில் பதினேழாம் மாடி,
ஒரு காபி மெஷின், ஒன்பது ஹெட்செட்.
தெரிந்தவரை, தெரியவேண்டியவரோடு
ஒரு மணி நேரம் பேசவைப்போம்.
பேச்சுக்கு பில் போடுவோம்.

தெரிந்தவர் என்றால் முன்னாள் ஆளாக இருக்கவேண்டும்.
வேலையை விட்டு ஆறு மாதம் தாண்டியிருக்கவேண்டும்.
இருக்கும்போது ஒருவரும் கேட்காததைப்
போனபின் மணிக்கணக்கில் கேட்பார்கள்.

திங்கட்கிழமை வந்தது:
லண்டனில் ஒரு முதலீட்டுக் குழு.
இந்தக் கரையில், கடல்நீரைக் குடிநீராக்கும்
ஆலை ஒன்றை வாங்கலாமா என்று யோசிக்கிறது.
பாசி பெருகிக் கடல் சிவந்தால்
எத்தனை நாள் மூடிப்போடுவார்கள்?
அறிந்தவர் தேவை. அவசரம்.

இருபத்திரண்டு பேருக்கு எழுதினேன்.
பதினான்கு பேர் பதிலே இல்லை.
ஒருவர் இது மோசடியா என்றார்.
ஒருவர் வேலை இருக்கிறதா என்றார்.
ஃபுஜைராவிலிருந்து ஒருவர்,
'பேசினா காசா? எவ்வளவு பேசணும்?'

ஜெரோன் ரொட்ரிகோ. தூத்துக்குடி.
பத்தொன்பது வருஷம்
கடல் உள்ளே வரும் வாய்க்காலில் ஷிஃப்ட் சூப்பர்வைசர்.
வேலை போய் ஏழு மாதம்.
நர்ஸ் மனைவியின் விசாவில் இருக்கிறாராம்,
பஸ் படியில் தொற்றிக்கொண்டிருப்பவர் மாதிரி சொன்னார்.

அழைப்பின் தொடக்கத்தில் நான் வாசிக்கவேண்டியது:
ரகசியம் எதுவும் சொல்லக்கூடாது.
பழைய முதலாளியின் கணக்குவழக்கு கூடாது.
'எங்கிட்ட யாரும் ரகசியமே சொன்னதில்லையேம்மா'
என்றார் தமிழில்.
மியூட் போட்டுக்கொண்டு சிரித்தேன்.

லண்டன் கேட்டது:
கடல் கெடுவதை எந்தக் கருவி முதலில் காட்டும்?
கருவி காட்டும், மறுநாள்.
அப்படியானால், முந்தின நாள்?

அவர் பேசவில்லை. மீட்டர் ஓடியது.
மௌனத்துக்கும் அதே ரேட்தான்.

பிறகு, உடைந்த இங்கிலீஷில்:
விடியற்காலம் காற்று கரைப்பக்கம் திரும்பும்,
அப்போது ஒரு கவிச்சி வரும்.
மீன் கவிச்சி இல்லை.
முட்டை அடித்துவிட்டுக் கழுவாமல் வைத்த பாத்திரம்,
அதில் கொஞ்சம் துரு.
அன்றைக்கே ஒரு பம்பைக் குறைத்துவிடுவேன்.
பதிவேட்டில் 'பராமரிப்பு' என்று எழுதுவேன்.

அந்தச் சொல்லை எழுத்துக்கூட்ட முடியுமா?
கூட்டினார். கே, ஏ, வி...
இதை அளக்க முடியுமா?
'மூக்கு இருந்தா.'

கடைசியில், லண்டன் போனபிறகு
நாங்கள் எல்லாரிடமும் கேட்கும் கேள்வி:
உங்களைவிட நன்றாகத் தெரிந்தவர் யாராவது?

ஒரு நொடி யோசிக்கவில்லை.
'மொஃபஸ்ஸல். சிட்டகாங்காரன். முங்குறவன்.
கம்பிவலையில சொறிமீன் அடைச்சா
கத்தியோட உள்ள எறங்குவான்.
எனக்கு வாடைதான் தெரியும்.
அவனுக்குத் தண்ணியோட கனம் தெரியும்.'

எங்கே இருக்கிறார்?
'அங்கயேதான். வேலையில இருக்கான்.'

இரவு, மென்பொருள் எழுதி அனுப்பிய பிரதியில்
நாற்பத்தோராம் நிமிடத்தில்
சதுர அடைப்புக்குள் 'கேட்கவில்லை' என்றிருந்தது.
சரிசெய்வது என் வேலை.
இங்கிலீஷில் எதைப் போட்டாலும்
ஒன்று மார்க்கெட் நாறியது,
இல்லாவிட்டால் சோப்பு மணத்தது.
அடைப்பை அப்படியே விட்டேன்.

பணம் அனுப்பக் கணக்கு எண் கேட்டிருந்தேன்.
வேலையோடு கணக்கையும் மூடிவிட்டார்களாம்.
மனைவி பெயருக்கு அனுப்ப விதியில்லை.
லண்டனுக்கு பில் அன்றே போய்விட்டது.
அதில் அவருடைய மூன்றில் ஒரு பங்கு
எங்கள் சிஸ்டத்தில் 'நிலுவை' என்று நிற்கிறது,
மஞ்சள் நிறத்தில்.

மொஃபஸ்ஸலுக்கு ஒரு பக்கம் திறந்தேன்.
பதவி: பட்டியலில் இல்லை.
மொழி: வங்காளம், கொஞ்சம் இந்தி,
ஜெரோனோடு எதில் பேசினானோ அது.
வேலையை விட்ட தேதி:
அதை நிரப்பாமல் சேமிக்க விடாது.

லண்டன் ஆலையை வாங்கிவிட்டால்
ஆட்களைக் குறைப்பார்கள்,
அந்தக் கட்டமும் நிரம்பிவிடும் என்று தோன்றியது.
தோன்றியதும் எழுந்து
காபி எடுக்கப் போனேன்.
மெஷினில் பால் தீர்ந்திருந்தது.