பார்

டேனிஷ் கோட்டையின் மூலையும் செல்பேசிக் கோபுரமும்
ஒரே கோட்டில் வந்ததும்
என்ஜினை அணைத்தார் செம்புலிங்கம்.
"பார் இங்கதான். பதினோரு பாகம்."

நங்கூரக் கயிறு போன வழியைப் பார்த்தேன்.
நாலு முழத்துக்குக் கீழே கயிறில்லை,
பால் அதிகமாகிப்போன டீ.

ஹாவ்லாக்கில் ஆறு வருடம் தண்ணீர் எனக்குக் கண்ணாடி.
புதுக் கல்யாண ஜோடிகளைக்
கோமாளி மீன்களோடு நிறுத்திப் படம் எடுத்துக் கொடுத்தேன்.
நீலத்தில் ஒரு தூசி விழுந்திருந்தால்
இரவெல்லாம் கணினி முன்னால் உட்கார்ந்து துடைத்தேன்,
ஒரு புள்ளிக்கு ஒரு கிளிக்.

இங்கே தை பிறந்து பதினெட்டு நாள்.
ஐப்பசியில் கொள்ளிடம் கொண்டுவந்து கொட்டியதைக்
கடல் இன்னும் மென்று முடிக்கவில்லை.

ரூபாவதி முகமூடிக்குள் எச்சில் துப்பி அலசினாள்,
கட்டைவிரலைக் கீழே காட்டினாள்.
பின்பக்கமாய் விழுந்தோம்.

ஐந்து மீட்டரில் பச்சை.
பத்தில் பழுப்பு.
பதினைந்தில், கேமரா கையில்தான் இருக்கிறது என்பதைத்
தொட்டுத்தான் தெரிந்துகொண்டேன்.
பாறை முதலில் முழங்காலுக்குத் தெரிந்தது,
அப்புறம்தான் கண்ணுக்கு.
கிழிந்த வலை, வலையில் பாசி,
பாசிக்குள் ஒரு கணவாய்.
என்னைப் பார்த்ததும் பாறையானது,
விளக்கைப் பார்த்ததும் மணலானது,
மறுபடி பார்ப்பதற்குள் கனவாய்ப் போனது.

திரும்பினேன். ரூபாவதி இல்லை.

ஒரு நிமிடம் தேடு, பிறகு மேலே ஏறு
என்கிறது விதி.
இடப்பக்கம் பழுப்பு. வலப்பக்கம் பழுப்பு.
நீவாடு என் துடுப்புக்காலைத் தெற்கே இழுக்கிறது.
கத்திப்பிடியால் சிலிண்டரைத் தட்டினேன்,
டிங், டிங்.
தண்ணீருக்குள் ஒலிக்குத் திசை கிடையாது.
பதிலுக்கு வந்த டிங்
எல்லாப் பக்கமிருந்தும் வந்தது.
மானியில் நூற்றுப் பத்து பார்.
மூச்சுக்கு ஒன்று குறைவதுபோல் இருந்தது.
பிரார்த்தனை தெரியாதவன் என்ன செய்வான்,
ஷட்டரை அழுத்தினேன்.
நாலு பக்கமும். பாராமல்.
ஒவ்வொரு மின்னலுக்கும் ஆயிரம் வண்டல் துகள்
என் முகத்தில் விழித்தன.

மேலே அவள் எனக்கு முன்பே மிதந்துகொண்டிருந்தாள்.
மூன்று வசவு, அதில் இரண்டு தமிழில்.
செம்புலிங்கம் ஒரு வாளி நல்ல தண்ணீர் ஊற்றினார்,
கேமராவுக்கு மட்டும்.

இரவு, பொறையார் லாட்ஜில்
நூற்று நாற்பத்தாறு படங்களை அழித்தேன்.
நூற்று நாற்பத்தேழாவதில்
திரை முழுக்கப் புள்ளிகள்.
குடகில் கிளம்பி
எத்தனையோ மதகு தாண்டி
ஒரு வயலிலும் படியாமல் தப்பி வந்த மண்
துகள் துகளாய் ஒளி வாங்கி நிற்கிறது.
அதன் நடுவே ஒரு கையுறை.
கட்டைவிரலும் சுட்டுவிரலும் வட்டமாய்,
மற்ற மூன்றும் நிமிர்ந்து:
நான் சரி. நீ?

லென்ஸிலிருந்து ஒரு முழம் இருக்கும்.
ஒன்றரைகூட இல்லை.

பழக்கத்தில் துடைக்கும் கருவியை எடுத்து
முதல் புள்ளியின் மேல் வைத்தேன்.
பக்கத்து அறையிலிருந்து சுவரைத் தட்டினாள்,
கரண்டியாக இருக்கவேண்டும்.
பசிக்கிறதாம்.
பரோட்டாக் கடைக்காரன்
பத்து மணிக்கெல்லாம் கல்லை அணைத்துவிடுவானாம்.