பதினோரு நிமிடம்

எண்ணூர் துறைமுகத்தில் என் வேலை
புதுக் கார்களைக் கப்பலுக்குள் ஓட்டிப்போய் நிறுத்துவது.
ஒரு காருக்குப் பதினோரு நிமிடம்.
மீட்டரில் ஆறு கிலோமீட்டர், சிலதில் நாலு.
சீட்டில் பாலிதீன் உறை, உட்கார்ந்தால் முனகும்.
அது மெக்சிகோ போகிறது, சிலி போகிறது,
நான் மூன்றாவது தளம் வரை போகிறேன்.
பக்கத்து வண்டிக்கு ஒரு சாண் விட்டு நிறுத்தி
கண்ணாடியை மடக்கி, சாவியை உள்ளேயே வைத்துவிட்டு
வேனில் ஏறித் திரும்புகிறேன். அடுத்தது.

ஒன்பது வருடமாக இப்படி.
ஆகவே எனக்குக் கருத்து உண்டு,
யாரும் கேட்பதில்லை என்பது வேறு விஷயம்.

இப்போது வருகிற கார்களுக்கெல்லாம் ஏன் இத்தனை கோபம்?
விளக்கை இடுக்கிக்கொண்டு
தவணை வசூலிக்க வந்தவன் வாசலில் நிற்கிற மாதிரி.
ஏசியைக் குறைக்க
கண்ணாடிப் பலகையில் மூன்று இடம் தடவ வேண்டும்.
இருட்டில் கை தானாகப் போய்த் திருகிய குமிழை
எந்த மகராசன் பிடுங்கினான்?

என்னுடையது ஸ்டாண்டர்டு ஹெரால்டு.
ஒருகாலத்தில் நீலம், இப்போது மணலிக் காற்றின் நிறம்.
பானெட் முன்பக்கமாகக் கவிழும், முகம் மொத்தமும்,
பல் டாக்டரிடம் வாயைத் திறந்த மாதிரி.
டயர் மேல் உட்கார்ந்தே ரிப்பேர் பார்க்கலாம்.
குப்பை லாரி ரிவர்ஸிலேயே வெளியேறும்
எங்கள் தண்டையார்பேட்டைத் தெருவில்
தண்ணீர்க் குடங்களின் வரிசையைத் தொடாமல்
ஒரே வளைப்பில் திரும்பும்.
எத்தனை லட்சம் கொட்டினாலும்
இந்த வளைப்பு இன்றைக்கு எதிலும் கிடையாது. சத்தியம்.

ஆனால் பழசுதான் ஒசத்தி என்பவன்
மே மாத மதியம் எண்ணூர் நெடுஞ்சாலையில்
கன்டெய்னர் லாரிகளுக்கு நடுவில் நின்றதில்லை.
முள் ஏறும். தண்ணீர் பாட்டிலோடு நான் இறங்குவேன்.
மேலே இருந்து டிரைவர்கள் சிரிப்பார்கள்.
பிரேக்கை மிதிப்பது மனு கொடுப்பது மாதிரி,
பரிசீலிப்பார்கள்.
பெல்ட் கிடையாது.
ஏர்பேக் இருக்க வேண்டிய இடத்தில் மரப்பலகை.

போன ஐப்பசி மழையில், பாலத்து இறக்கத்தில்
அந்த மனு நிராகரிக்கப்பட்டது.
பிலோமினா பலகையில் கையை ஊன்றினாள்.
டிவைடரில் உரசி நின்றோம்.
ஒன்றும் ஆகவில்லை. அவள் மணிக்கட்டில் மட்டும் நீலம்,
வண்டியின் பழைய நிறம்.
வீடு வரும்வரை பேசவில்லை. இறங்கும்போது சொன்னாள்:
"நீ ஓட்டு, உன் இஷ்டம். பசங்கள ஏத்தாத."

அதற்குப் பிறகு
கப்பலுக்குப் போகும் ஒவ்வொரு காரிலும் பெல்ட் போடுகிறேன்,
பதினைந்து கிலோமீட்டர் வேகத்துக்கு.
ஜெயசீலன் கேட்கிறான்: "சிலிக்கே போறியா நைனா?"

நேற்று ஒரு மின்சார வண்டி.
உறுமல் இல்லை, நடுக்கம் இல்லை,
மூக்கில் விரல் வைத்துப் பார்க்கலாமா என்றிருந்தது.
இடது கால் கிளட்சைத் தேடி
வெறும் மேட்டை மிதித்துக்கொண்டே வந்தது.
இரும்புச் சரிவின் நடுவில், காரணமே இல்லாமல்,
பிரேக்கைத் தொட்டேன்.

நின்றது.
தொட்ட இடத்திலேயே.

பின்னால் ஹாரன் அடித்தார்கள்.
கொஞ்சம் உருளவிட்டு
இன்னொரு முறை தொட்டுப் பார்த்தேன்.