படிவத்தில் ஒரு பெயர்

கல்லூரியின் ஆய்வுப் பிரிவு என்பது
பாளையங்கோட்டை வெயிலைப் பார்த்த ஓர் அறை,
இரண்டு பீரோ, ஜெபக்கனி அக்கா.

நாளை மாலை ஐந்து மணிக்கு
டெல்லியில் ஒரு கதவு சாத்தப்படும்.

‘பொருநை எங்கள் உயிர்மூச்சு’ என்று
நான் தொடங்கியிருந்ததைப் படித்துவிட்டு
பேனா மூடியால் காதைக் குடைந்தாள்.
“உயிர்மூச்செல்லாம் அவங்களுக்கு எதுக்கு?
எத்தன எடம், எத்தன சிப்பி, எத்தன மாசம்,
அதச் சொல்லுங்க.”

பாபநாசத்திலிருந்து ஏரல் வரை ஒன்பது இடம்.
மணல் அள்ளிய கரையிலும் அள்ளாத கரையிலும்
ஆற்றுச் சிப்பி எவ்வளவு மிச்சம் என்று
மாதம் ஒருமுறை எண்ண வேண்டும்.

“இப்பல்லா புரியுது. இதுதான் மொத வரி.”
எட்டு வருடமாய் நான் எழுதாத வரி.

கீழே கணக்குப் பிரிவில் பீர்முகமது.
மைக்ராஸ்கோப்புக்கு மூன்று விலைச்சீட்டு கேட்டார்.
மூன்றும் ஒரே கடையின் மூன்று பெயர் என்பதைத்
தொலைபேசி எண்ணில் பிடித்துத்
திருப்பித் தந்தார்.
சிரிக்கவில்லை.

இரவு எட்டு. கரண்ட் போய் வந்தது.
கண்ணாடிக் குடுவை, ரசாயனம், பயணப்படி,
முதுகலை படித்த உதவியாளர் ஒருவர்.
“ஆத்துல முங்கி எடுக்கது யாரு? நீங்களா?”
“மாடக்கண்ணு. சீவலப்பேரிக்காரர்.
காலால் தொட்டே
உயிரா வெறும் ஓடா என்று சொல்லிவிடுவார்.”
“அவரு இதுல எங்க இருக்காரு?”

அவர் இதில் இல்லை.
என் பர்ஸில் இருந்தார்,
இருநூறும் ஐந்நூறுமாக, ஒரு பரோட்டாப் பொட்டலமாக.

தேடினோம்.
ஒரு தலைப்பு பட்டம் கேட்டது.
இன்னொன்று விலைச்சீட்டு.
முங்கும் மூச்சுக்கு எந்தக் கடையில் விலைச்சீட்டு?

பீர்முகமதைப் போனில் பிடித்தாள்.
பள்ளிவாசலிலிருந்து அப்போதுதான் வெளியே வந்தவர்
“மொதல்ல பேரப் போடுங்க,
மத்ததுக்கு விதி இருக்கு” என்றார்.
இருந்தது. நாற்பத்தொன்றாம் பக்கம்,
மணலுக்குள் சிப்பி மாதிரி
இத்தனை காலமும் அங்கேயே.
களப்பணி, தினக்கூலி, வருடம் நூற்றெட்டு நாள்.
அதற்கு ஈடாக
மைக்ராஸ்கோப்பின் கேமராவைக் கழற்றினோம்.

மறுநாள் முதல்வர் நாங்குநேரியில்,
மறுவீட்டுப் பந்தியில்.
அட்டெண்டர் இசக்கிராஜா முத்திரையோடு
டி.வி.எஸ். ஃபிஃப்டியில் போய் வாங்கி வந்த கையெழுத்தில்
ஒரு பொட்டுச் சொதி.
ஸ்கேனில் அது தெரியவில்லை,
தெரிந்தாலும் நேரமில்லை.

நாலு ஐம்பத்தேழுக்கு எண் வந்தது.
“கெடைக்குமாக்கா?”
“போன வருசம் பதினொண்ணு அனுப்புனோம்.
ஒண்ணு வந்துச்சு.”
பீரோவைப் பூட்டி
இழுத்துப் பார்த்துவிட்டுப் பஸ்ஸுக்குப் போனாள்.

நான் மாடக்கண்ணுவைக் கூப்பிட்டேன்.
“அண்ணே, ஒங்க பேரு டெல்லிக்குப் போயிருக்கு.”
கொஞ்ச நேரம் தண்ணீர்ச் சத்தம் மட்டும்.
“எதுக்கு? நான் என்ன தப்பு செஞ்சேன்?”